இடது பக்கத்துக் கரி

கல்யாணமாகிச் செஞ்சிக்கு வந்த மறுநாள், வீட்டுக்காரரின் தகரப் பெட்டியில் வேட்டி எடுக்கப் போனேன். துணிக்கு அடியில் நான்கு பிரம்புகள் இருந்தன. ஒவ்வொன்றும் என் கை நீளம், கட்டைவிரல் பருமன், கணுக்கணுவாக. பெண்டாட்டியை அடிக்கக் கடல் தாண்டிப் பிரம்பு கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு பெட்டியை மூடிவிட்டேன். கேட்க வாய் வரவில்லை. எனக்கு எதைக் கேட்கவும் அப்போது வாய் வராது, இப்போதும் பெரிதாக வருவதில்லை. எழுதுவதென்றால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவர் கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் போர்னியோவில் மரக்காட்டு லாரி ஓட்டியவர். அங்கே மரம் வெட்டும் வேலைக்குப் பிலிப்பைன் தீவுகளிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்களாம். வேலை விட்டதும், சோறு வேகிற நேரத்தில், அவர்கள் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று குச்சியால் அடித்துப் பழகுவார்கள். பார்க்கத்தான் அது குச்சி. வித்தை கத்தியுடையது. குச்சியில் பழகின கையில் கத்தியைக் கொடுத்தால் அதே வழியில் ஓடும் என்பார். அவர்களுக்குச் சமமாக நின்று இவரும் பழகினார்.

ஊருக்கு வந்து பஸ் டிரைவரானார். செஞ்சியிலிருந்து அனந்தபுரம் வழியாக விழுப்புரம் போகிற தனியார் பஸ். விடியற்காலை ஒரு டிரிப், சாயங்காலம் ஒரு டிரிப். நடுவில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக் குச்சியை எடுத்துக்கொண்டு பின்பக்கத் தோட்டத்துக்குப் போய்விடுவார். டிரைவருக்கு இது வேண்டும் என்பது அவர் கட்சி. "கண்ணு பாத்து, மனசுக்குச் சொல்லி, மனசு காலுக்குச் சொல்லி, கால் பிரேக்கு மேல போறதுக்குள்ள ஆடு செத்துடும். நடுவுல இருக்கற மனச எடுத்துடணும். அதுக்குத்தான் இந்தப் பழக்கம்" என்பார்.

ஆனால் எதிராளி இல்லாமல் இந்த வித்தை நடக்காது. முதலில் ஊரில் சிலம்பம் சுற்றுகிறவர்களைக் கேட்டார். ஆள் உயரக் கம்பு பிடிக்கிறவர்கள் இவர் குச்சியைப் பார்த்துச் சிரித்தார்கள். "இன்னாப்பா இது, நாய் முடுக்கறதா, கூழு கிண்டறதா?" என்றாராம் ஒருவர். அப்புறம் தன் பஸ் கண்டக்டரைக் கூட்டிவந்தார். அடுத்த தெருக்காரர், இவரை விடச் சின்னவர். ஒரே நாள்தான். விரல் முட்டியில் ஓர் அடி வாங்கினார்.

"அண்ணே, நான் டிக்கெட்டு கிழிக்கணும். எனக்கு வெரலு வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனவர் பிறகு தோட்டத்துப் பக்கமே வரவில்லை.

கடைசியில் என்னிடம் ஒரு குச்சியை நீட்டினார். "இந்தா, இதப் புடி."

மாமியார் முருங்கை மரத்தடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"டேய், பொம்பளைக்கு இன்னாத்துக்குடா கத்தி வித்த? ஒன்னையே வெட்றதுக்கா?"

"வெட்னா வெட்டிட்டுப் போறா. அப்பறம் யாரு சோறு போடுவா அவளுக்கு?"

"நான் போடுவேன்" என்றார் மாமியார். அந்த வீட்டில் நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான், அதுவும் முந்தானைக்குள்.

முதல் நாள் அவர் அடிக்கச் சொல்லித் தரவில்லை. எங்கே பார்ப்பது என்றுதான் சொன்னார். "குச்சியப் பாக்காத. அது போற வேகத்துக்குக் கண்ணு போவாது. மூஞ்சியயும் பாக்காத. மூஞ்சி பொய் சொல்லும். கழுத்துக் குழியப் பாரு. தோள் அசையாம கை அசையாது."

இது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. பெரியவர்களையோ ஆண்பிள்ளைகளையோ நிமிர்ந்து பார்க்காமல் வளர்ந்தவள் நான். தொண்டூரில் என் பிறந்த வீட்டில் அப்படித்தான். கல்யாணமாகி மூன்று மாதத்தில் அவர் பாதமும் கையும் கழுத்தில் தொங்கும் கறுப்புக் கயிறும் எனக்கு அத்துப்படி. அதற்கு மேலே பார்த்தது கிடையாது. அவர் பார்க்கச் சொன்னது நான் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்த இடம்.

அடிகளுக்கு எண் உண்டு. மேலிருந்து சாய்வாக ஒன்று, அதற்கு எதிர்ச்சாய்வில் இரண்டு, இடுப்புக்கு இரண்டு பக்கமும் மூன்று, நான்கு, நேரே வயிற்றுக்குக் குத்து ஐந்து. ஊனோ, தோஸ், த்ரேஸ் என்று அவர் எண்ணுவார். ஒன்று, இரண்டு, மூன்றை அந்தத் தீவுக்காரர்கள் அப்படித்தான் எண்ணுவார்களாம். நான் ஒரு வார்த்தையும் பேசாமல் குச்சியால் பதில் சொல்வேன். இரண்டு கையிலும் குச்சி வைத்துக்கொண்டு பின்னுகிற பாடமும் உண்டு. அவர்கள் ஊரில் மூங்கில் தட்டி பின்னுவதன் பேரையே அதற்கும் வைத்திருக்கிறார்களாம். மேலே ஒன்று, கீழே ஒன்று, திரும்ப மேலே. கை பழகியபின் சத்தம் ஒரே சீராக வரும். எங்கள் தோட்டத்துக்கு எதிரே ராஜகிரி மலை. கட்டட வேலையோ என்று நினைக்கும்படி அந்தச் சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி வரும். வேலிக்கு மேல் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டம்மாவிடம், "கொத்தமல்லி இடிக்கறாங்க" என்று மாமியார் கூசாமல் சொன்னார்.

கை எவ்வளவு சீக்கிரம் ஓடுகிறது என்று பார்க்க ஒரு வழி வைத்திருந்தார். குச்சியில் விரல்கடை அளவுக்கு ஒரு கோடாகக் கீறியிருப்பார். ஒருவர் அதை மேல்நுனியில் பிடித்துத் தொங்கவிட்டுச் சொல்லாமல் விட வேண்டும். மற்றவர் கீழே விரலைத் திறந்து வைத்துக்கொண்டு பிடிக்க வேண்டும். கீழிருந்து எத்தனையாவது கோட்டில் பிடிபடுகிறதோ அதுதான் கணக்கு. முதல் நாள் என் கையில் பிடிபடாமல் குச்சி காலில் விழுந்தது. அவர் ஐந்தாவது கோட்டில் பிடிப்பார். எனக்கு ஒன்பதுக்கு வரவே ஒரு வருஷம் ஆயிற்று.

எனக்கு ரொம்பப் பிடித்தது கரிப் பாடம். வேப்பங்கட்டையில் அவரே செதுக்கிய இரண்டு கத்திகள். அதன் விளிம்பில் அடுப்புக்கரியைக் குழைத்துப் பூசிவிடுவோம். பத்து எண்ணும்வரை ஒருவர் வெட்ட வர வேண்டும், மற்றவர் கையால் தட்டி விலக்க வேண்டும். முடிந்ததும் யார் துணியில் எங்கே கரி பட்டிருக்கிறது என்று பார்ப்போம். உண்மைக் கத்தியாக இருந்தால் அங்கே வெட்டு விழுந்திருக்கும் என்று அர்த்தம். இதற்காகவே நான் ஒரு பழைய ரவிக்கை வைத்திருந்தேன். முதல் இரண்டு வருஷம் அதில் கரி படாத இடம் இல்லை. அவர் பனியனில் ஒரு பொட்டுகூட இருக்காது.

மகள் பிறந்தாள். மாமியார் அவளை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் வெட்டு வாங்கினால், "ஒங்கம்மா செத்தா பாரு" என்று பேத்திக்குச் சொல்லுவார். குழந்தை கைதட்டும். கோடையில் மலைப்பாறை விடுகிற சூடு தோட்டம் வரைக்கும் வரும். பின்கழுத்தில் வேர்வை வழிய, வாய் பேசாமல், இரண்டு பேரும் ஒரே மூச்சில் பின்னிக்கொண்டு நின்ற அந்த அரை மணி நேரம் போல வேறொன்று எனக்கு வாழ்க்கையில் கிடைக்கவில்லை. நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

ஆறாவது வருஷம் அவர் பனியனில் கரி பட ஆரம்பித்தது.

முதலில் ஒரு கோடு. அடுத்த வாரம் இரண்டு. அவர் குனிந்து பனியனைப் பார்த்துவிட்டு, "ஒனக்குக் கை ஓட ஆரம்பிச்சுடுச்சு" என்றார். அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் பாராட்டு. சமையலுக்குக்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை. இரண்டு மாதத்தில் தினமும் கரி படத் தொடங்கியது. பஸ் ஸ்டாண்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். கண்டக்டர் அவருடைய ராத்திரிச் சாப்பாட்டுக் கேரியரை வாங்க வந்தபோது, "அண்ணி, அண்ணன் ஒங்க கைக்குத் தப்ப முடிலங்கறாரு, மெய்யா?" என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். ஆனால் அன்று முழுக்க மனசுக்குள் சந்தோஷம் அடங்கவில்லை. தனியாக இருக்கும்போது கரண்டியை வைத்துக்கொண்டுகூட ஊனோ, தோஸ் வெட்டிப் பார்த்தேன்.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தவர் மாமியார். துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

"இன்னாடி இவன் பனியன் ஒரு பக்கமாவே அழுக்காவுது? ஒருக்களிச்சே படுத்துக் கெடக்கறானா?"

விரித்துப் பார்த்தேன். கரிக்கோடுகள் எல்லாம் இடது பக்கம். தோள், விலா, இடுப்பு, எல்லாமே இடது. வலது பக்கம் வெள்ளையாக இருந்தது.

நான் வலது கைக்காரி. என் கைக்கு அவர் இடது பக்கம்தான் முதலில் வரும், அதனால் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். இருந்தாலும் மறுநாளிலிருந்து எண்ணி அடித்தேன். இடதுக்கு ஐந்து, வலதுக்கு ஐந்து. ஒரு வாரம் அப்படிச் செய்தேன். வலது பக்கம் போன கத்தியை ஒன்று விடாமல் தட்டினார். இடது பக்கம் போனது எல்லாம் பட்டது. சரி, வயசு, கை மந்தமாகிவிட்டதோ என்று குச்சியைத் தொங்கவிட்டுப் பிடிக்கச் சொன்னேன். எப்போதும் போல ஐந்தாவது கோட்டில் பிடித்தார். ஒரு தடவை நாலாவதில்கூட. கை மந்தமாகவில்லை. அப்படியானால் எனக்கும் கை ஓடவில்லை. என் கத்தி வருவது அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

அன்றைக்கே அவர் சாப்பிட்டுவிட்டுச் செம்பை உயர்த்தி அண்ணாந்து தண்ணீர் குடித்தபோது, நான் நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தேன். இடது கண்ணின் கறுப்பு மணிக்குள் இளநீர் வழுக்கை போல ஒரு வெள்ளை. நேற்று வந்ததல்ல என்று பார்த்த உடனே தெரிந்தது. வேறு எந்த ஊர்ப் பெண்ணாக இருந்தாலும் என்றைக்கோ பார்த்திருப்பாள். நான் ஆறு வருஷம் அவரோடு நேருக்கு நேர் நின்று கழுத்துக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லவும் இல்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பஸ் ஓட்டுவது அவருக்குப் பிழைப்பு மட்டும் இல்லை. காக்கிச் சட்டை போட்டால்தான் அவருக்கு முதுகு நிமிரும். அதனால் இடது பக்கம் வெட்டுவதைக் குறைத்துக்கொண்டேன். மெதுவாகக் கொண்டுபோய், அவர் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்து வெட்டினேன். பனியனில் கரி குறைந்தது. "இன்னா, சொணங்கிட்ட?" என்றார். இதைப் போலத் தப்பு நான் வேறு செய்ததில்லை. தோட்டத்தில் நான் காத்திருக்கலாம், ரோட்டில் எது காத்திருக்கும்?

பத்து நாள் அப்படிப் போனது. ஒரு நாள் கண்டக்டர் கேரியரைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், வீட்டுக்காரர் குளிக்கப் போயிருப்பதைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அண்ணி, அண்ணனுக்கு ஒடம்புக்கு எதுனா முடிலயா? காலைல அனந்தபுரம் திருப்பத்துல சைக்கிள்காரன் ஒருத்தன இடிக்கப் பாத்துட்டாரு. அவன் பள்ளத்துல எறங்கித் தப்பிச்சான். எங்கேந்து வந்தான்னே தெர்லங்கறாரு. அவன் ஒரு பர்லாங்கு தூரமா லெஃப்ட்ல நம்ம கூடவே வந்துக்கினு இருந்தான்."

கண்டக்டர் போனதும் நான் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அனந்தபுரத்தில் சந்தை. சாயங்கால டிரிப் போகும்போது ரோட்டின் இடது ஓரம் பூராவும் கூடையும் மாடும் பிள்ளைகளுமாக இருக்கும்.

வீட்டுக்காரர் சாப்பிட்டு எழுந்ததும் நானே குச்சியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அதற்கு முன்னால் நானாகப் போனதில்லை.

"கடைக்கண் பாடம்" என்றேன்.

அது அவர் எனக்கு வைத்த பாடம். தென்னைமரத்தில் கரியால் ஒரு பொட்டு வைத்து, அதையே பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். எதிராளி பக்கத்தில் நின்று குச்சியைத் தூக்குவார். கடைக்கண்ணில் குச்சி தெரிந்ததும் தட்ட வேண்டும்.

"ஒனக்கா?"

"ஒங்களுக்கு."

சிரித்துக்கொண்டே தென்னைமரத்துப் பொட்டைப் பார்த்து நின்றார். நான் வலது பக்கம் நின்று குச்சியைத் தூக்கினேன். படக்கென்று தட்டினார். இன்னொரு தடவை. தட்டினார். சத்தம் கேட்காமல் அவருக்குப் பின்னால் நடந்து இடது பக்கம் வந்தேன். குச்சியை மெல்லத் தூக்கி அவர் காதுக்குப் பக்கத்தில், கன்னத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, நிறுத்தினேன்.

அவர் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமியார் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

"இன்னும் இன்னா பண்ற? தூக்கு" என்றார் அவர்.

"தூக்கிட்டேன்."

"எப்ப?"

"அப்பவே."

கழுத்தைத் திருப்பினார். முகத்துக்கு நேரே குச்சி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தார். வலது கண்ணை உள்ளங்கையால் மூடினார். எடுத்தார். திரும்ப மூடினார்.

"கொஞ்சம் பொக மாரி இருந்துச்சு. தூசின்னு நெனச்சேன்" என்றார். என் பக்கம் திரும்பி, "ஒனக்கு எப்பலேந்து தெரியும்?"

"பத்து நாளா."

"சொல்றதுக்கு இன்னா?"

பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனார். காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். வாசலில் கண்டக்டர் நின்றிருந்தார். "அண்ணே, டைம் ஆயிடுச்சு. இன்னிக்கு சந்தக் கூட்டம் வேற."

அவர் செருப்பை மாட்டினார். என்னைப் பார்க்கவில்லை. இந்த ஒரு டிரிப் மட்டும் என்று நினைத்திருப்பார். வலது கண் இருக்கிறதே, மெதுவாகப் போய்விடலாம் என்று நினைத்திருப்பார். நான் அவரைத் தாண்டிப் போய் வாசற்படியில் நின்றேன். கையில் குச்சி அப்படியே இருந்தது.

"இன்னாடி வழிய மறிச்சிக்கினு நிக்கற" என்று மாமியார் பின்னாலிருந்து சொன்னார். குரலில் கோபம் இல்லை.

அந்நிய ஆண்பிள்ளை முன்னால் நான் புருஷனிடம் பேசியது அன்றுதான். "போவாதீங்க" என்றேன். அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். பார்த்தால் பேச முடியாது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். முடிந்தது. கன்னத்தில் அவருக்கு ஒரு தழும்பு இருந்தது. அதையும் அப்போதுதான் பார்த்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். கையிலிருக்கும் குச்சியைப் பார்த்தார். "தள்ளு" என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றினார்.

"தம்பி, மொதலாளிகிட்ட போய்ச் சொல்லு. வேற டிரைவர ஏத்தச் சொல்லு."

"இன்னான்னு சொல்றதுண்ணே?"

"ஒரு கண்ணு தெர்லன்னு சொல்லு."

கண்டக்டர் சிரிக்க வாயெடுத்து, எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஓட்டமாகப் போனார். அன்று பஸ் முக்கால் மணி நேரம் லேட்டாகக் கிளம்பியது. அது கிளம்பிப் போகிற சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். வீட்டுக்காரர் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "செகண்ட் கியர்ல இழுக்கறான் பாரு" என்று ஒரு தடவை சொன்னார். மாமியார் காப்பித் தண்ணீர் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மறுநாள் பாண்டிச்சேரிக்குக் கண் டாக்டரிடம் போனோம். டாக்டர் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். மரக்காட்டில் என்றோ சிராய் பட்ட கண்ணாம் அது. உள்ளேயே புரையோடி, பின்பக்கமும் கெட்டுவிட்டது. ஆபரேஷன் செய்தாலும் வண்டி ஓட்டுகிற பார்வை வராது என்று சொல்லிவிட்டார். பிறகு அவருக்கு பஸ் ஸ்டாண்டிலேயே டைம் கீப்பர் வேலை கிடைத்தது. தோட்டத்தில் அவர் இடது தோளைப் பின்னுக்கு இழுத்துக் கழுத்தைச் சாய்த்து நின்று பழகினார். நான் மறுபடி வேகமாக வெட்டினேன், கரி பட்டது, சில நாள் படவில்லை. எனக்குக் கடைசிவரை ஏழாவது கோட்டுக்குக் கீழே வரவில்லை.

டாக்டரிடம் போக நாங்கள் ஏறிய பஸ்ஸைத்தான் சொல்ல வந்தேன். பாண்டிச்சேரிக்கு விழுப்புரம் போய்த்தான் மாற வேண்டும். விடியற்காலையில் விழுப்புரம் போக வேறு பஸ் ஏது, அவர் பஸ்தான். புது டிரைவர் சின்னப் பையன், இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "ஒக்காரு, ஒக்காரு, ரோட்டப் பாரு" என்றார். இடது பக்க ஜன்னல் சீட்டில் என்னை உட்காரவைத்து, பக்கத்தில் அவர் உட்கார்ந்தார். வண்டி நகர்ந்ததும் அவர் வலது கால் பலகையை அழுத்த ஆரம்பித்தது. அங்கே பிரேக் ஏது. திருப்பம் வந்தால் அழுத்துகிறது, ஆள் குறுக்கே வந்தால் அழுத்துகிறது.

கொஞ்ச தூரம் போனதும், என் பக்கம் திரும்பாமல் மெல்லக் கேட்டார். "லெஃப்ட்ல இன்னா வருது?"

"ஆடு" என்றேன்.

"எத்தினி?"

"நாலு. ஒரு பொம்பள ஓட்டிக்கினு வருது."

"ஓரமா வருதா?"

"ஓரமாத்தான்."

கால் பலகையை விட்டது. அனந்தபுரம் தாண்டி, விழுப்புரம் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன். சைக்கிள், கட்டை வண்டி, தண்ணிக் குடத்தோடு இரண்டு பெண்கள், ஒரு புளியமரம், அப்புறம் கொஞ்ச தூரம் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதையும் சொன்னேன். கல்யாணமானதிலிருந்து நான் அவரிடம் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.